விமானம் பார்க்கும் தன்னார்வ அணியை நடத்துவது எப்படி

எண்பதுகளில் கிழக்கு இங்கிலாந்தின் ஒரு வயல்வெளியில், ராயல் அப்சர்வர் கோர் என்ற பிரிட்டனின் தன்னார்வ விமானக் கண்காணிப்புப் படையின் நிலையம் ஒன்றுக்குத் தலைமை அப்சர்வராக (கண்காணிப்பாளராக) இருந்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், பகலில் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர் வேலை, வாரத்தில் ஒரு மாலை நீலச் சீருடை. என் கீழே ஒரு விவசாயி, ஒரு பால்காரர், இரண்டு ஆசிரியைகள், இன்னும் சிலர், ஆகப் பத்துப் பேர். ஆளைப் பிடித்து உட்கார வைக்க எந்த அதிகாரமும் கிடையாது. பிடிக்கவில்லையென்றால் அடுத்த வாரம் வர மாட்டார்கள், அவ்வளவுதான். அதனால் இங்கே சொல்வதெல்லாம் கட்டளையிட முடியாத தலைவருக்கான குறிப்புகள்.

முதலில் உங்கள் அணி எதற்காக இருக்கிறது என்பதில் தெளிவாக இருங்கள். 1924இல் பிரிட்டிஷ் மேஜர் ஜெனரல் ஆஷ்மோர், வரும் விமானங்களைத் தரையிலிருந்து பார்த்துத் தகவல் சொல்ல முடியுமா என்று, கென்ட் பகுதியில் ஒன்பது நிலையங்களை வைத்துப் பரிசோதனை நடத்தினார். மறு ஆண்டு கோர் பிறந்தது. 1940இல் ராடார் கடலைப் பார்த்தபடி நின்றது; எதிரி விமானம் கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அதன் பாதையைச் சொல்ல, தரையில் நிற்கிற மனிதக் கண்ணும் காதும்தான் இருந்தன. மேலே கமாண்டன்ட் என்று விமானப்படை அதிகாரி ஒருவர் இருப்பார். ஆனால் மழையில் நின்று வானத்தைப் பார்த்தவர் கிராமத்துக்காரர். அவர் சொன்ன சொல் மாறாமல் மேலே போய்ச் சேர வேண்டும். நிலையத் தலைவரின் வேலையில் முக்கால்வாசி இதுதான்.

இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றேன். தலைமைக்கு வந்த முதல் குளிர்காலம். அதற்குள் கோரின் வேலை அணுகுண்டு வெடிப்பையும் கதிரியக்கப் பொழிவையும் நிலத்தடி அறையிலிருந்து அளந்து சொல்வதாக மாறிவிட்டது. ஆனாலும் விமானம் அடையாளம் காணும் பயிற்சியை யாரும் விடவில்லை. மரபு என்றும் சொல்லலாம், பைத்தியம் என்றும் சொல்லலாம். திரையில் ஸ்லைடு ஒன்றைச் சில நொடிகள் காட்டி மறைப்பேன், அவரவர் தாளில் பெயர் எழுத வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஒரு படத்துக்குத் ‘தெரியவில்லை’ என்று எழுதியிருந்தான். அதைச் சத்தமாக வாசித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதன் பிறகு அவன் தெரியவில்லை என்று எழுதவே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் எழுதினான், பாதி தப்பு. இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: உண்மையாகத் தகவல் சொல்லும் ஓர் ஆளை ஊகம் செய்கிறவனாக நானே மாற்றியிருக்கிறேன்.

அப்புறம் மதிப்பெண் முறையை மாற்றினேன். சரியான பெயருக்கு இரண்டு, ‘தெரியவில்லை’க்குப் பூஜ்யம், தப்பான பெயருக்கு இரண்டு கழிவு. பெயர் தெரியாவிட்டாலும் பார்த்ததை எழுதலாம்: இரட்டை எஞ்சின், இரட்டை வால், இறக்கை உடலின் மேற்பக்கம். அதற்கு ஒன்று. உங்கள் அணியிலும் இதைச் செய்து பாருங்கள், ஒரே மாதத்தில் பேச்சின் தொனியே மாறும்.

பயிற்சியைப் பற்றி இன்னும் கொஞ்சம். புத்தகத்தை மனப்பாடம் செய்ய விடாதீர்கள். தெரு முனையில் வருகிற ஆளை முகம் தெரிவதற்கு முன்பே நடையை வைத்துக் கண்டுபிடிக்கிறோம் இல்லையா, விமானமும் அப்படித்தான். குழப்புகிற ஜோடிகளாகக் காட்டுங்கள். எங்களுக்கு அமெரிக்காவின் எஃப்-15உம் சோவியத்தின் மிக்-25உம். இரண்டுக்கும் இரட்டை வால், இரண்டும் பெரிய உருவம். எஃப்-15இன் வால் துடுப்புகள் நிமிர்ந்து நிற்கும். மிக்-25இல் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். விளக்கத்தை நீங்கள் சொல்லாமல் அணியில் இருக்கிறவரைச் சொல்ல வையுங்கள். எங்கள் பால்காரர் சொன்னால் யாரும் மறக்க மாட்டார்கள்.

கீழிருந்து வரும் ஆர்வத்தைத் தடுக்காதீர்கள் என்பதற்குக் கோரின் வரலாறே சாட்சி. போரின் தொடக்கத்தில் அடையாளம் காணும் பயிற்சிக்கு மேலிடம் பெரிய அக்கறை காட்டவில்லை. கில்ட்ஃபோர்ட் அப்சர்வர்கள் தாங்களே ஒரு கழகம் வைத்துப் படித்தார்கள். அந்தத் திறமை பிறகு பயன்பட்டது: 1944இல் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்கியபோது, நம் விமானத்தையே நம் பீரங்கி சுட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள 796 அப்சர்வர்கள் கப்பல்களில் போனார்கள்.

இனி மேலிடத்தைச் சமாளிப்பது. 1941 மே 10 இரவு, நார்தம்பர்லாந்தில் சாட்டன் நிலையத்தார் வந்தது மெஸ்ஸர்ஷ்மிட் 110 என்ற ஜெர்மன் போர் விமானம் என்று சொன்னார்கள். மேலே நம்பவில்லை, அந்த விமானம் அவ்வளவு தூரம் வந்தால் திரும்பிப் போக எரிபொருள் போதாது என்று கணக்குப் போட்டார்கள். கணக்கில் தப்பில்லை. ஆனால் அதில் வந்தவர் நாஜிக் கட்சியில் ஹிட்லரின் துணைத் தலைவர் ருடால்ஃப் ஹெஸ், அவர் திரும்பிப் போக வரவில்லை. ஸ்காட்லாந்தில் பாராசூட் கட்டிக் குதித்துவிட்டார். உங்கள் ஆள் ஒன்றைப் பார்த்தேன் என்று சொல்லி, மேலே ‘இருக்க முடியாது’ என்று பதில் வந்தால், ஆளிடம் ஒரே ஒரு முறை கேளுங்கள்: பார்த்தாயா, நினைத்தாயா? பார்த்தேன் என்றால் அதே சொல்லைத் திரும்ப அனுப்புங்கள். நீங்கள் நடுவில் புகுந்து மெருகேற்றாதீர்கள்.

முறைப் பட்டியல் போடுவது சலிப்பான வேலை, ஆனால் அணி உடைவது பெரும்பாலும் அதில்தான். அறுவடைக் காலத்தில் விவசாயியைப் போடாதீர்கள். பிடிக்காத இருவரை ஒரே இரவில் போடாதீர்கள். எங்கள் நிலத்தடி அறையில் மூன்று பேர் இருந்தால் முழங்கால் இடிக்கும், அங்கே கோபித்துக்கொண்டு போய் நிற்க இடம் ஏது? மோசமான முறையை, ஞாயிறு விடியற்காலை போன்றதை, முதலில் உங்கள் பெயருக்கு எழுதிவிட்டு மற்றதை நிரப்புங்கள்.

துணைத் தலைவராக உங்களை மாதிரி இன்னொருவரைத் தேடாதீர்கள். நான் அதிகம் பேசுவேன், அதனால் பேசாத ஆசிரியையைத் தேர்ந்தேன். நான் விட்டதையெல்லாம் குறிப்பேட்டில் அவர்தான் பிடித்தார்.

கடைசியாக, சாவி. நிலையத்தின் மூடியைத் திறக்கும் சாவி உங்களிடம் மட்டும் இருக்கக் கூடாது. ஒரு ஜனவரி இரவு நான் பஸ்ஸைத் தவறவிட்டேன். நான்கு பேர் முக்கால் மணி நேரம் வயலில் நின்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பால்காரர் மட்டும் கையை நீட்டினார், வணக்கம் சொல்ல அல்ல, சாவியை வாங்க. மறுவாரமே இன்னும் இரண்டு செய்து கொடுத்தேன்.