எழும்பிய மரத்தரையைச் சரிசெய்த கதை

வரவேற்பறையில் எஞ்சினியர்டு மரத்தரை (மர அடுக்குகளை ஒட்டிச் செய்த பலகைகள்) போட்ட மூன்றாவது மாதம், வாசலோரத்தில் இரண்டு பலகைகள் கூரைபோல எழும்பி நின்றன. மிதித்தால் அமுங்கி ‘டக்’ என்றது. நொந்துபோனேன்.

பலகையின் தரத்தைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். சுவரோரச் சட்டத்தைக் கழற்றியதும் ஒரு காரணம் தெரிந்தது: பலகைகள் சுவரை முட்டிக்கொண்டிருந்தன. அடுக்குகளின் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும்படி ஒட்டப்பட்டிருப்பதால் எஞ்சினியர்டு பலகை முழு மரத்தைவிடக் குறைவாகவே விரியும். விரியவே விரியாது என்பதில்லை. பலகைகளைப் பிரித்து, சிமெண்ட் தரையில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டுவைத்தேன். எடுத்துப் பார்த்தால் அடியில் முத்து முத்தாக நீர்த்துளிகள்! சிமெண்டின் ஈரத்தைக் குடித்து விரிந்த பலகைகள், சுவரோரம் இடமில்லாமல் மேலே எழும்பியிருக்கின்றன.

தரை நன்றாகக் காயும்வரை பொறுத்திருந்தேன். பிறகு ஈரம் தடுக்கும் ஷீட் விரித்து, சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி விட்டு மீண்டும் பதித்தேன். அந்த இடைவெளியைச் சட்டம் மறைத்துவிடுகிறது.

படுக்கையறைக்கு வாங்கியபோது நிறத்துக்கு முன் பலகையின் வெட்டுமுகத்தைப் பார்த்தேன். மேலே இருக்கும் அசல் மர அடுக்குதான் அதன் ஆயுள். அது 3 மி.மீ. இருந்தால், கீறல் விழுந்தாலும் தேய்த்துப் புதுப்பிக்க இடமிருக்கும், 1 மி.மீ.க்கும் குறைவென்றால் அந்தப் பேச்சே வேண்டாம். பளபளப்பில் மயங்காதீர்கள், தயவுசெய்து ஓரத்தைப் பாருங்கள். வாங்கிய பெட்டிகளை அதே அறையில் மூன்று நாள் கிடத்தி, அறையின் காற்றுக்குப் பழகவிட்ட பிறகே பதித்தேன்.