எம்51 பார்ப்பது எப்படி? முதலில் சுழலைத் தேடாதீர்கள்

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்தை மனதில் வைத்துக்கொண்டு எம்51 என்ற சுழல் கேலக்ஸியைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும், ஏனென்றால் அந்தச் சிவப்பும் நீலமும் நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் பிடிக்கவேண்டியது ஒட்டினாற்போல் இருக்கும் இரண்டு மங்கலான ஒளித்திட்டுகளை: பெரியது எம்51, சின்னது அதன் துணை கேலக்ஸி என்ஜிசி 5195.

நிலா இல்லாத இரவு, ஊர் வெளிச்சம் எட்டாத இடம், இரண்டும் கட்டாயம். இருட்டில் அரை மணி நேரமாவது கண்ணைப் பழக்குங்கள், போனைத் தொடவேண்டாம். வட அரைக்கோளத்தில் மே மாத முன்னிரவு நல்ல நேரம்.

சரி, இடம். சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனியில் இருக்கும் மரீசியை (அல்கெய்டு) ஃபைண்டரின் (தொலைநோக்கியின் மேல் குறிபார்க்க வைத்திருக்கும் சின்னத் தொலைநோக்கி) நடுவில் கொண்டுவாருங்கள். அங்கிருந்து மேற்கே 2 டிகிரி போனால் ஓரளவு பளிச்சென ஒரு விண்மீன், அதிலிருந்து தெற்கே, லேசாக மேற்கு சாய்ந்து, இன்னொரு 2 டிகிரி, அவ்வளவுதான். ஃபைண்டரில் எல்லாம் தலைகீழாகத் தெரிந்து திசை குழம்பினால் தொலைநோக்கியை அசைக்காமல் விடுங்கள், விண்மீன்கள் எந்தப் பக்கம் நகர்கின்றனவோ அதுதான் மேற்கு.

குறைந்த உருப்பெருக்கம் தரும் ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போதும். 4 அங்குல விட்டமுள்ள தொலைநோக்கியில் இரண்டு கேலக்ஸிகளின் மையங்களும் தெரியும். 8 அங்குலம், நல்ல இருட்டு என்றால் நேராகப் பார்க்காமல் பார்வையைச் சற்றுத் தள்ளி வையுங்கள். பெரிய திட்டைச் சுற்றி ஒரு வளையம் போல மெல்லத் தெரிய ஆரம்பிக்கும், அதுதான் சுழல் கரம். 1845-இல் அயர்லாந்தில் ராஸ் பிரபு 72 அங்குலத் தொலைநோக்கியில் இதைத்தான் முதன்முதலில் சுழலாக வரைந்தார்.

அப்புறம் துணையைக் கவனியுங்கள். அது எம்51-க்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது, நீளும் கரத்தின் தூசி அதன் முகத்தை மறைப்பதைப் படங்களில் பார்க்கலாம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அது நெருங்கிக் கடந்தபோது ஈர்ப்பு இழுத்த இழுப்பில்தான் கரங்கள் இவ்வளவு அழுத்தமாக உருவாயின என்பதை 1972-இல் வானியல் ஆய்வாளர்களான டூம்ரே சகோதரர்கள் கணினியில் காட்டினார்கள். கரங்களில் வாயு நெருங்கி அங்கே பெரிய விண்மீன்கள் பிறக்கின்றன, அவை சீக்கிரமே வெடித்தும் போகின்றன: 1994, 2005, 2011 என மூன்று சூப்பர்நோவாக்கள்! அதனால் பார்த்ததும் பென்சிலால் வரைந்து, பக்கத்து விண்மீன்களையும் குறித்துவையுங்கள். அடுத்த முறை அதில் இல்லாத ஒரு புள்ளி தெரிந்தால் உடனே கவனிக்க அது உதவும்.