தண்டு மெலிந்த செடிக்கு உரம் போடுமுன்

மாடித்தோட்டத்தில் தக்காளி, மிளகாய், கத்தரி வைப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது: செடி மளமளவென்று உயருகிறது, தண்டு மட்டும் பென்சில் பருமனைத் தாண்டுவதில்லை, காய் பிடித்ததும் சாய்கிறது. உடனே கை உர டப்பாவுக்குத்தான் போகும். ஆனால் தண்டைத் தடிக்கவைக்கும் மாவுச்சத்தும் நார்ப்பொருளும் இலை வெயிலில் தயாரிப்பவை. உரம் அந்த வேலைக்குத் துணை, அவ்வளவுதான். வெயில் குறைவான இடத்தில் சத்தைக் கூட்டினால் செடி இன்னும் நீளும், இன்னும் மெலியும்.

பாதிப் பேருக்குத் தவறு நாற்றுத் தட்டிலேயே நடந்துவிடுகிறது. விதை முளைக்கும்வரை குழித்தட்டை மூடி இருட்டில் வைப்பது சரி. தக்காளி நாலைந்து நாளில் மண்ணைக் கீறி எழும். முதல் நாற்று தலைகாட்டிய அன்றே மூடியை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். ‘எல்லாம் முளைக்கட்டும்’ என்று இன்னும் இரண்டு நாள் விட்டால், விதையிலைக்குக் கீழே வெளிறிய நூல்போல ஒரு தண்டு நீண்டு நிற்கும். நீண்ட பகுதி பிறகு எந்தச் சத்து கொடுத்தாலும் குறுகாது. தக்காளியானால் நடும்போது அந்த நீட்டத்தை மண்ணுக்குள் புதைத்துவிடலாம், புதைந்த தண்டிலிருந்து புது வேர் விடும். கத்தரி, மிளகாயில் அந்த அளவுக்கு வேர் வராது. ஒட்டு நாற்றானால் ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும்.

நட்ட பிறகும் நிழல்வலையை எடுக்காமல் வைத்திருப்பது அடுத்த தவறு. சித்திரை, வைகாசி உச்சிவெயிலுக்கு வலை தேவை. மற்ற மாதங்களில் காய்கறிச் செடிக்குத் தினம் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் விழ வேண்டும். தொட்டிகளை நெருக்கி வைத்தாலும் இதே கதைதான். பக்கத்துச் செடியின் நிழலைத் தாண்ட ஒவ்வொன்றும் போட்டிபோட்டு நீளும். தக்காளிக்கு இரண்டடி இடைவெளி விடுங்கள்.

இனி உரம். தண்டு பெருக்க வேண்டும் என்று எல்லோரும் கொட்டுவது தழைச்சத்தைத்தான் (நைட்ரஜன்). யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஐந்து கிராம், அதாவது சுமார் ஒரு தேக்கரண்டி போட்டாலே 2.3 கிராம் தழைச்சத்து ஒரே தொட்டிக்குள் போகிறது. வயலுக்குச் சொன்ன கணக்கை 12 அங்குலத் தொட்டியில் பார்க்கக் கூடாது. இயற்கை உரமானால் அளவு வேண்டாம் என்ற நினைப்பும் தவறு. கடலைப் புண்ணாக்கில் ஏறக்குறைய 7 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது. புளித்த புண்ணாக்குக் கரைசலை வாராவாரம் ஊற்றி, இடையிடையே மீன் அமிலமும் (மீன் கழிவையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த கரைசல்) தெளித்தால், யூரியா போட்ட செடி மாதிரியே கருகருவென்று இலைவிட்டு, தண்டில் நீர் கோத்து, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும். 100 கிராம் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து, 15 நாளுக்கு ஒருமுறை அரை லிட்டர் ஊற்றினால் போதும்.

தண்டு தடித்தாலும் அது நல்ல தடிப்பா என்று பார்க்க வேண்டும். தக்காளியில் நுனியிலிருந்து ஆறு அங்குலம் கீழே அளந்தால் தண்டு சுமார் ஒரு சென்டிமீட்டர் இருப்பது சரியான வளர்ச்சி. அதைவிட நன்றாகப் பருத்து, மேல் இலைகள் உள்பக்கமாகச் சுருண்டு, பூக்கொத்து மெலிந்து இருந்தால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது. சில செடிகளில் தண்டின் நடுவே நீளவாக்கில் வெடித்து ஓட்டைகூட விழும். அந்தச் செடிக்குத் தழைச்சத்தை இரண்டு மூன்று வாரம் நிறுத்திவிட்டு, சாம்பல்சத்து (பொட்டாசியம்) மட்டும் கொடுங்கள்: 0:0:50 என்று விற்கும் பொட்டாசியம் சல்பேட்டை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, தொட்டிக்கு அரை லிட்டர்.

மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் அவ்வளவாக நகராது. மேலே தூவிய சூப்பர் பாஸ்பேட் மேலேயே கிடக்கும். மண் கலக்கும்போதே சேர்க்க வேண்டும். எலும்புத் தூளும் அப்படித்தான், அதுவும் காரத்தன்மை கொண்ட மண்ணில் கரையவே கரையாது.

முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் தண்டு உறுதியாகும் என்பது சுற்றிக்கொண்டே இருக்கும் யோசனை. ஓடு கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புப் பொருள். அமிலத்தன்மை உள்ள மண்ணில்தான் அது மெல்லக் கரையும். உப்புத் தண்ணீர் ஆழ்துளைக் கிணறு உள்ள வீட்டில், கெட்டிலில் வெள்ளைப் படிவு படிகிறதென்றால், தண்ணீரிலேயே சுண்ணாம்பு நிறைய வருகிறது. அங்கே ஓடும் வேண்டாம், மரச்சாம்பலும் வேண்டாம். இரண்டும் காரத்தைத்தான் கூட்டும். இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காமல் துளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும்.

எப்சம் உப்பு மக்னீசியக் குறைக்கு மருந்து. அடி இலைகள் நரம்பிடையில் மஞ்சளாகும்போது லிட்டருக்கு 5 கிராம் தெளிக்கலாம். குறையே இல்லாத செடிக்குத் தெளித்தால் தண்டு ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிக்காது. மக்கிய பொருளிலிருந்து கிடைக்கும் ஹ்யூமிக் அமிலத்தையும் உணவாக நினைக்க வேண்டாம், சத்தை வேர் எடுக்க உதவுவது மட்டுமே அதன் வேலை.

சிலிக்கா சற்று வேறு. நெற்பயிர் சாயாமல் நிற்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். ஆனால் நெல்லும் கரும்பும் உறிஞ்சுவது போலத் தக்காளி உறிஞ்சாது. வெள்ளரிக்கு ஓரளவு பயன் தெரியும். பொட்டாசியம் சிலிக்கேட் வாங்கினால் கால்சியம் நைட்ரேட்டோடு ஒரே வாளியில் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து வெண்மையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும், தெளிப்பான் குழாயும் அடைத்துக்கொள்ளும்.

காசு செலவில்லாத ஒன்றைத்தான் பலர் செய்வதில்லை. காற்றில் ஆடும் செடிக்குத் தண்டு தடிக்கும், உயரம் குறையும். காற்றில்லாத பால்கனியில் வளரும் நாற்றுகளின் தலையைத் தினம் காலையில் உள்ளங்கையால் பத்து இருபது தடவை மெல்லத் தடவிவிடுங்கள். இலை ஈரமாக இருக்கும்போது மட்டும் வேண்டாம், நோய் பரவும். இதே காரணத்தால்தான் குச்சியோடு செடியை இறுக்கிக் கட்டுவதும் தவறாகிறது. அசையாத தண்டு பருக்காது, போகப்போகக் கயிறும் தோலை அறுக்கும். பழைய பருத்தித் துணிக்கீற்றை எட்டு வடிவில் சுற்றி, தண்டுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும்படி கட்டுங்கள். இந்தக் கட்டு செடியின் பாதி உயரத்துக்கு மேலே போக வேண்டாம், மேல்பாதி காற்றில் ஆடட்டும். காய் கனக்கத் தொடங்கியதும் இரண்டாவது கட்டு போட்டுக்கொள்ளலாம்.