பழைய பேஸ் கிற்றாரை வாங்கித் திருத்துவது எப்படி? வன்னியில் தொடங்குபவர்களுக்கு

கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் இத்தனை வீடுகளில் பேஸ் கிற்றார் கிடக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. அலுமாரிக்கு மேலே ஒன்று, நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒன்று, கோழிக்கூட்டோடு சேர்ந்த சாய்ப்பில் ஒன்று. எல்லாமே ஒரு காலம் கோயில் மேடைகளில் விடிய விடிய முழங்கியவை. வாசித்தவர்கள் காலபோகம் விதைத்து, அரிவு வெட்டி முடிந்த கையோடு இசைக்குழுவில் வெளிக்கிட்டவர்கள். பாடகரை ஊரே அறியும். பேஸ்காரரின் பெயரை அறிவிப்பாளர் கடைசியாகச் சொல்லுவார், சில இரவுகளில் சொல்லாமலே விட்டுவிடுவார்.

நான் இதுவரை நாலு சேர்த்திருக்கிறேன். நாலையும் திருத்தி, வாசிக்கிற நிலையில் வைத்திருக்கிறேன். முதலாவதைத் திருத்தும்போது ஒரு பெரிய பிழை விட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1. கழுவ முன்னம் கேளுங்கள்

கிற்றாரைக் கையில் எடுத்ததும் துணியைத் தேடாதீர்கள். வைத்திருப்பவரோடு இருந்து தேத்தண்ணி குடியுங்கள். எந்தக் குழுவில் வாசித்தார், யாருக்கு வாசித்தார், கடைசியாக எந்த மேடை, இடம்பெயர்ந்தபோது இது எங்கே இருந்தது என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். கிற்றாரில் உள்ள ஒவ்வொரு பழுதுக்கும் விடை அவருடைய கதையில் இருக்கும்.

ஒட்டுசுட்டான் பக்கத்தில் நான் வாங்கிய முதல் கிற்றாரில், பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பெட்டி) மேல் ஓரம் பெருவிரல் அகலத்துக்குத் தேய்ந்து பள்ளமாக இருந்தது. அது பழுதில்லை. பெருவிரலை அதிலே ஊன்றித்தான் மனுசன் பத்துப் பன்னிரண்டு வருடம் வாசித்திருக்கிறார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது, சைக்கிளை ஸ்டாண்டில் போட்டு ஒருவர் பெடல் மிதிக்க, டைனமோக் கரண்டில் கசெற் கேட்டுப் பாட்டுப் பழகினாராம். "அந்தச் சின்ன ஸ்பீக்கரிலை பேஸ் எங்கை தம்பி கேக்கும்? காதை ஒட்டி வைச்சு ஊகிச்சுத்தான் பிடிக்கிறது" என்றார். உண்மைதான். பேஸின் தடித்த ஈ கம்பி செக்கனுக்கு 41.2 தடவை அதிரும். சின்ன ஸ்பீக்கரால் அதை எழுப்ப முடியாது. அதன் மேல்சுரங்கள் மட்டுமே காதுக்கு வரும், அடிச்சுரத்தை மூளைதான் நிரப்பிக்கொள்ளும்.

2. என்ன வகை என்று பாருங்கள்

அமெரிக்காவில் றேடியோத் திருத்துநராக இருந்த லியோ ஃபென்டர் 1951-இல் பிரெசிஷன் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். சிம்பொனி இசைக்குழுக்களில் நின்றபடி வாசிக்கும் டபுள் பேஸுக்கு உள்ள அதே ஈ, ஏ, டி, ஜி சுருதிதான் இதற்கும். பெரிய மாற்றம் பிரெட், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு. அது இருப்பதால் விரல் சரியான இடத்தில் விழும், சுருதி பிசகாது. பெயரிலுள்ள துல்லியம் அதைத்தான் சொல்கிறது. 1960-இல் ஜாஸ் பேஸ் வந்தது. வன்னியில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டின் சாயலில் ஆசியத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டவை. பிக்கப் இரண்டு துண்டாகப் படி மாதிரி விலகி இருந்தால் பிரெசிஷன் வகை, நீளமான பிக்கப் இரண்டு இருந்தால் ஜாஸ் வகை. தலையில் உள்ள பெயரைப் பார்த்து விலை பேச வேண்டாம், ஸ்டிக்கர் ஒட்டுவது லேசு.

நட்டிலிருந்து (தலையடியில் கம்பி படியும் சின்னக் கட்டை) பிரிட்ஜ் (உடலில் கம்பியைத் தாங்கும் பகுதி) வரை கம்பியின் நீளத்தை அளவுநாடாவால் அளந்து பாருங்கள். 34 அங்குலம் வழமையானது. 30 அங்குலம் என்றால் சின்ன வகை, அதற்குக் கம்பி தேடுவது கொஞ்சம் கஷ்டம்.

3. வாங்கும் இடத்திலேயே மூன்று சோதனை

கழுத்து: ஈ கம்பியை முதலாம் பிரெட்டில் ஒரு கையாலும் கடைசிப் பிரெட்டில் மறு கையாலும் அழுத்துங்கள். ஏழாம், எட்டாம் பிரெட் பக்கம் கம்பிக்குக் கீழே ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நல்லது. அதைவிடக் கூட இருந்தால் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது, பெரும்பாலும் திருத்தலாம். கழுத்து முறுகியிருந்தால், அதாவது தலைப்பக்கமிருந்து பார்க்கும்போது ஒரு ஓரம் ஏறி மற்ற ஓரம் இறங்கியிருந்தால், வாங்காதீர்கள்.

பிக்கப்: அம்பிளிஃபயர் இல்லாத வீட்டில் மல்டிமீற்றர் போதும். கிற்றார் வயரைச் செருகி, வொலியூமை முழுக்கத் திறந்து, மறுமுனையின் நுனிக்கும் அடிக்கும் இடையில் ஓம் அளவுங்கள். பிரெசிஷன் வகை 10 கிலோ ஓம் அளவில் காட்டும். 200 கிலோ ஓமுக்கு மேலே போனால் சுருள் அறுந்திருக்கிறது. 9 வோல்ட் பற்றரி போடும் வகைக்கு இந்தச் சோதனை சரிவராது.

மரம்: திருகாணியால் மெல்லத் தட்டுங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் கறையான்.

4. துப்புரவு

பழைய கம்பிகளைத் தளர்த்திக் கழற்றுங்கள். வெட்டாதீர்கள். நாலு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேலே இழுத்துக்கொண்டிருக்கும், திடீரென அறுத்தால் முகத்தில் அடிக்கும்.

வயர் செருகும் ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். என்னுடையதில் வயர் பாதிதான் போனது. உள்ளே குளவி மண்ணால் கூடு கட்டி அடைத்திருந்தது. ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிண்டி எடுக்க ஒரு பின்னேரம் போனது. தண்ணீர் விட்டுக் கரைக்கலாம் என்று நினைக்காதீர்கள், உள்ளே உள்ள இரும்பெல்லாம் துருப்பிடித்துவிடும்.

திருகாணி துருவில் இறுகியிருந்தால், சூடான சொல்டர் கோலை அதன் தலையில் அரை நிமிடம் வைத்துப்போட்டுத் திருப்புங்கள், அசையும். திரும்பப் பூட்டும்போது மெழுகுதிரியில் ஒருக்கால் உரசிவிட்டுப் பூட்டுங்கள்.

பிரெட்டில் உள்ள பச்சைக் களிம்பை மிக மென்மையான உருக்குக் கம்பளியால் தேய்க்கலாம். அதற்கு முன் பிக்கப்பை முழுதாக ரேப் ஒட்டி மூடுங்கள். அதனுள் காந்தம் இருக்கிறது, உருக்குத் தூள் போய் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு. விரற்பலகைக்குத் தேங்காயெண்ணெய் பூசச் சொல்லுவார்கள், வேண்டாம். தூசியைப் பிடித்துப் பிசுபிசுக்கும். உலர்ந்த துணியே போதும்.

5. கம்பி

புதுக் கம்பி கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டிவரும். அதுவரை பழையதைச் சுத்தமான தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவையுங்கள். வியர்வையும் ஊத்தையும் கழன்று தண்ணீர் கறுத்துப் போகும். இதற்கென்று தனிப் பானை வையுங்கள், சமைக்கிற பானை ஆகாது. எடுத்த உடனே துடைத்து நன்றாக வெயிலில் காயவிடுங்கள். சத்தம் கொஞ்சக் காலம் திரும்பத் துலங்கும்.

கம்பி மாற்றத்தான் வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்காவின் டெட்ராயிட்டில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். அந்த மங்கல் சத்தம் அவருக்கு வேண்டியிருந்தது. உலகம் முழுக்கக் கேட்ட அந்தத் தட்டுகளின் உறையில் நெடுங்காலம் அவர் பெயர் போடவில்லை. எங்கள் பேஸ்காரர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

6. எர்த் வயர்

இதை மட்டும் தள்ளிவைக்காதீர்கள். அம்பிளிஃபயரில் செருகியிருக்கும்போது கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிற்றாருக்குள் எர்த் தொடர்பு இருக்கிறது. குறையாவிட்டால் பிரிட்ஜுக்குக் கீழே போகும் வயர் துருவில் விட்டிருக்கும், திரும்பச் சொல்டர் பண்ணுங்கள். ஆனால் கிற்றார் சரியாக இருந்தாலும் மேடை சரியாக இருக்கும் என்றில்லை. ஜெனரேற்றரில் ஓடும் திருவிழா மேடையில் எர்த் இல்லாவிட்டால், கம்பியில் கையும் மைக்கில் வாயும் இருக்கும்போது கரண்ட் ஆளுக்குள்ளால் ஓடும். உயிரே போகலாம். மைக்குக்கும் கம்பிக்கும் இடையில் மல்டிமீற்றரை ஏசியில் வைத்து அளந்துவிட்டு வாசியுங்கள்.

7. கழுத்தை நிமிர்த்துதல்

கழுத்துக்குள் ட்ரஸ் றொட் என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது. பொருத்தமான அலன் கீயால் வலப்பக்கம் திருப்பினால் கழுத்து பின்னால் நிமிரும், இடப்பக்கம் திருப்பினால் தளரும். ஒரு முறைக்குக் கால் சுற்றுத்தான். பிறகு ஒரு இரவு விட்டுவிட்டுப் பாருங்கள். மாரியில் மரம் ஈரம் குடிக்கும், சோளகக் காற்றில் வறளும். ஆகவே வருடத்துக்கு இரண்டு தரம் இந்த வேலை இருக்கும். நான் வைகாசியில், வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னம் ஒரு தரமும், கார்த்திகை மழையோடு ஒரு தரமும் பார்ப்பேன்.

இங்கேதான் அந்தப் பிழை. முதல் கிற்றாருக்குக் கம்பி மாட்டி வழமைச் சுருதிக்கு ஏற்றினேன். கழுத்து முன்னால் வளைந்து, கம்பி எட்டாத உயரத்துக்குப் போனது. பழுது என்று நினைத்து றொட்டை இறுக்கிக்கொண்டே போனேன், ஒரு இடத்தில் அலன் கீ முனகியது. பயந்து நிறுத்தினேன்.

ஒரு மாதம் கழித்து, அதை எனக்குத் தந்த ஒட்டுசுட்டான் ஐயாவிடம் கொண்டுபோனேன். மடியில் வைத்து ஒரே ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்தார். "ஏன் ஏத்தி வைச்சிருக்கிறீர்? எங்கடை பாட்டுக்காரிக்குக் குரல் எட்டாது. நாங்கள் எல்லாரும் அரைக்கட்டை இறக்கித்தான் வாசிச்சனாங்கள்" என்றார். கழுத்து அந்த இழுவைக்கே பழகியிருந்திருக்கிறது. நான் கொப்பியில் குழுவின் பெயர் எழுதியிருந்தேன், மேடைகளை எழுதியிருந்தேன், சுருதி என்ன என்று கேட்கவில்லை.

அவர் முன்னாலேயே நாலு கம்பியையும் அரைக்கட்டை இறக்கினேன். இழுவை குறைய, நான் இறுக்கிய றொட் கழுத்தைப் பின்னால் வளைத்தது, முதல் பிரெட்டுகளில் கம்பி இரைந்தது. கால் சுற்றுத் தளர்த்தினேன், இரைச்சல் போகவில்லை. அடுத்த நாள் இன்னொரு கால் சுற்று. மூன்றாம் நாள் விசிட்டிங் கார்ட் சரியாக நுழைந்தது. கொப்பியில் இப்போது முதல் கேள்வியே சுருதிதான்.