நகராட்சி விலங்குக் காப்பகங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகர நிர்வாகம் நடத்தும் காப்பகத்தில் நெரிசல் என்று செய்தி வந்தால், உடனே எழும் கோரிக்கை கூடுதல் கூண்டுகள். நிதி ஒதுக்குவதும் அதற்குத்தான் எளிது. ஆனால் நெரிசலின் வேர் பெரும்பாலும் கூண்டுகளின் எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொரு விலங்கும் எத்தனை நாள் உள்ளே கிடக்கிறது என்பதில்தான் இருக்கிறது. இதைப் பார்க்கத் தவறுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். மற்றவை பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

கணக்கு எளிது. நாளொன்றுக்கு 10 விலங்குகள் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரியாக 20 நாள் தங்குகிறது என்றால், எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் உள்ளே சுமார் 200 விலங்குகள் இருக்கும். தங்கும் காலம் 12 நாளாகக் குறைந்தால் 120 தான் இருக்கும். வருகிறவையும் குறையவில்லை, வெளியே போகிறவையும் குறையவில்லை. அந்த எட்டு நாள்களில் என்ன நடந்தது என்று பதிவேட்டைப் புரட்டினால் பெரும்பாலும் ஒன்றுமே நடந்திருக்காது. உரிமையாளருக்காகச் சட்டப்படி காத்திருக்க வேண்டிய கெடு முடிந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கருத்தடை அறுவைக்குத் தேதி குறித்திருக்க மாட்டார்கள். ஒரு கையெழுத்துக்காக நாய் கூண்டிலேயே படுத்திருக்கும்.

இதற்கு மருந்து தினசரிச் சுற்று. பொறுப்பான ஒருவர், முடிந்தால் மருத்துவரும் உடன்வர, காலையில் ஒவ்வொரு கூண்டின் முன்பும் நின்று மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: இந்த விலங்கு இன்னும் ஏன் இங்கே இருக்கிறது? எதற்காகக் காத்திருக்கிறது? அதை யார், எப்போது முடித்துக் கொடுப்பார்? பதிலைக் கூண்டு அட்டையிலேயே எழுதிவிட வேண்டும். நாள்களைக் குறைப்பது என்றால் அவசரப்பட்டு உயிரை முடிப்பது என்று யாரும் பொருள் கொள்ளக் கூடாது. வீணாகக் கழியும் நாள்களைத்தான் சொல்கிறேன்.

ஆள்பலத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். உணவு கொடுக்கவும் துப்புரவு செய்யவும் மட்டும் ஒரு விலங்குக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 நிமிடம் தேவை என்பது காப்பகத் துறையில் வெகுநாளாகப் புழங்கும் அளவுகோல். 200 விலங்குகளுக்கு அது 50 மணி நேரம். காலை வேலையில் நான்கு பேர்தான் இருக்கிறார்கள் என்றால், எது விடுபடுகிறது என்று விசாரிக்கவே தேவையில்லை. ஊழியர்களைத் திட்டுவதால் அந்த மணி நேரம் கூடிவிடாது.

அடுத்தது, தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது. “இரண்டு நாள் போகட்டும், மருத்துவர் வரட்டும்” என்று விடுகிற அந்த இரண்டு நாளில்தான் நாய்களைக் கொல்லும் வைரஸ் நோய்களான பார்வோவும் டிஸ்டெம்பரும் தொற்றுகின்றன. வாசலில் எடை போடும்போதே ஊசியும் போட்டுவிட வேண்டும். லேசான சளி, சிறு காயம் எல்லாம் தள்ளிப்போடக் காரணம் ஆகா. காப்பகச் சூழலில் நாய்க்குட்டிகளுக்கு நான்கு வார வயதிலேயே தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 16 வாரம் வரை தொடர வேண்டும். தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி எப்போது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுவதால், ஒரே ஊசியோடு நிறுத்துவது ஆபத்து.

துப்புரவில் நடக்கும் தவறுகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அக்கறையோடு செய்பவர்களே இவற்றைச் செய்கிறார்கள். நாயை உள்ளே வைத்துக்கொண்டே குழாயால் கூண்டைக் கழுவுவார்கள். நாய் மூலையில் ஒடுங்கி நனைகிறது. கழிவு தெறித்து அடுத்த கூண்டுக்கும் போகிறது. கதவு வைத்துத் தடுத்த இரட்டை அறைக் கூண்டு என்றால் நாயை ஒரு பக்கம் விட்டு மறுபக்கத்தைக் கழுவலாம். அது இல்லாத இடத்தில் நாயை வெளியே அழைத்துப் போய்விட்டுத்தான் தண்ணீர் விட வேண்டும்.

கழிவின் மேலேயே பிளீச்சை ஊற்றுவது இன்னொன்று. அழுக்கு பட்டால் பிளீச்சின் வீரியம் போய்விடும். முதலில் கழிவை அள்ளி, சோப்பு நீரால் தேய்த்து அலசிய பிறகே கிருமிநாசினி. அதுவும் பத்து நிமிடமாவது ஈரமாக நிற்க வேண்டும். பார்வோ வைரஸ் மண்ணிலும் விரிசல்களிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். நறுமணம் வீசும் தரைத் துடைப்பான்கள் பல அதை ஒன்றும் செய்வதில்லை. ஒரு பங்கு வீட்டு உபயோக பிளீச்சுக்கு 32 பங்கு நீர் என்று அன்றன்றைக்குக் கலந்தது வேலை செய்யும். வரிசையும் முக்கியம்: முதலில் குட்டிகள், பிறகு நலமான பெரிய விலங்குகள், கடைசியில் நோயாளிகள். நோய்ப் பிரிவின் துடைப்பமும் வாளியும் அந்தப் பிரிவை விட்டு வெளியே வரவே கூடாது.

பூனைகளுக்கு நேர்கிற கொடுமை பல நேரம் கண்ணுக்கே தெரிவதில்லை. கூண்டின் பின்மூலையில், மலத்தட்டுக்குள் சுருண்டு, கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும் பூனையைப் பார்த்து “அமைதியான பூனை” என்று எழுதிவிடுகிறார்கள். அருகில் போய்ப் பாருங்கள்: உடல் விறைத்திருக்கும், காது தட்டையாக மடிந்திருக்கும், உணவுக் கிண்ணம் வைத்தபடியே இருக்கும். அது தூக்கம் அல்ல, பயம். நாய்க் கொட்டிலில் குரைப்புச் சத்தம் 100 டெசிபெலைத் தாண்டும். அதற்கு அடுத்த அறையில் பூனைகளை வைத்தால் வேறென்ன ஆகும்? பல பூனைகளின் உடலில் உறங்கும் ஹெர்ப்பஸ் வைரஸை இந்த மன அழுத்தம் எழுப்பிவிடும். தும்மல், கண்ணில் நீர், சிகிச்சை, இன்னும் சில வாரம் கூண்டு என்று அது நீளும். சாப்பிடாமல் சில நாள் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்து.

இதில் பாதியைத் தடுக்க ஓர் அட்டைப்பெட்டி போதும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த காப்பகப் பூனைகள் பெட்டி இல்லாதவற்றைவிட விரைவில் மன அழுத்தத்திலிருந்து தேறின. தினமும் கூண்டையே காலி செய்து கழுவாமல், அதே பூனை இருக்கும் வரை அழுக்கான இடத்தை மட்டும் துடைத்து, அதன் விரிப்பை அப்படியே விட்டுவைப்பதும் நல்லது. தன் வாசனை இருக்கும் இடத்தில் அதற்குப் பயம் குறையும்.

வந்த முதல் நாளிலேயே “முரட்டு நாய்” என்று முத்திரை குத்துவதும் நாள்களைத் தின்னும், சில நேரம் உயிரையே தின்னும். சாப்பிடும்போது செயற்கைக் கையைக் கிண்ணத்தருகே நீட்டிச் சோதிக்கும் முறை பல இடங்களில் இருந்தது. அதில் சீறிய நாய்களில் பல, வீட்டுக்குப் போன பிறகு அப்படி நடந்துகொள்ளவில்லை என்று ஆய்வுகளில் தெரியவந்தது. சில நாள் கழித்து, பழகிய ஊழியர் நடைக்கு அழைத்துப் போகையில் எப்படி இருக்கிறது என்பதை எழுதி வையுங்கள். தத்தெடுப்பவருக்கு அதுவே பயன்படும்.

உரிமையாளரை அடையாளம் காணத் தோலுக்கடியில் பொருத்தும் மைக்ரோசிப்பைத் தேடும்போது தோள்பட்டைகளுக்கு நடுவில் மட்டும் கருவியைக் காட்டிவிட்டு “இல்லை” என்று எழுதக் கூடாது. சிப் தோளுக்கோ முன்காலுக்கோ நகர்ந்திருக்கலாம். உடல் முழுவதும் மெதுவாக, வரும்போது ஒருமுறையும் எந்த முடிவும் எடுக்கும் முன் மறுமுறையும் பார்க்க வேண்டும். பார்வையாளர் நேரம் அலுவலக நேரத்தோடு முடிவதும் தவறே. வேலைக்குப் போகிறவர் மாலையிலும் விடுமுறையிலும்தான் வர முடியும்.

தீராத நோயோடு, வலியில் துடிக்கும் விலங்கை எண்ணிக்கைக்காக உயிரோடு வைத்திருப்பது கருணை ஆகாது. அந்த முடிவை மருத்துவர் தாமதமின்றி எடுக்க நிர்வாகம் துணை நிற்க வேண்டும்.

இவை திருந்துகின்றனவா என்று அறிய, மாதந்தோறும் நான்கு எண்களை மக்கள் பார்வைக்கு வைத்தால் போதும்: எத்தனை வந்தன, எந்தெந்த வழியில் வெளியேறின, சராசரியாக எத்தனை நாள் தங்கின, எத்தனை இறந்தன. இறந்தவற்றில், கூண்டிலேயே தானாக இறந்தவற்றைத் தனியாகக் காட்ட வேண்டும். கருணைக்கொலைக் கணக்கோடு சேர்த்துவிட்டால், உள்ளே நோய் பரவியது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.