மொட்டை மாடிக்கு ஒரு மேசை, இரண்டு பெஞ்சு: முதல்முறை மரவேலை செய்பவர்களுக்கு

பூங்காக்களில் மேசையும் பெஞ்சும் ஒன்றாகப் பிணைந்திருக்குமே, அதைத்தான் முதலில் செய்ய நினைத்தேன். அம்மாவிடம் படத்தைக் காட்டியதும், "காலைத் தூக்கிப் போட்டு உள்ளே போய் எப்படிடா உட்காருவேன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சேலை கட்டியவர்களுக்கும் அது தோதுப்படாது. அதனால் மேசை தனி, பெஞ்சு தனி. சாய்வாக அறுக்க வேண்டிய கால்களும் இதில் இல்லை, எல்லாமே நேர் வெட்டு என்பதால் புதிதாகச் செய்பவர்களுக்கும் இதுதான் சுலபம்.

மரத்தில் அவசரப்படாதீர்கள், பாதி வேலை அங்கேதான் இருக்கிறது. ஈரம் காயாத மரத்தில் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் நாலு மாதத்தில் பலகை முறுக்கிக்கொள்ளும், இணைப்பு விட்டுப்போகும். என் யோசனை, வீடு இடிக்கும்போது வரும் பழைய மரத்தை விற்கிற கடைக்குப் போங்கள். பழைய கைமரம், நிலைச்சட்டம் எல்லாம் பல வருடம் காய்ந்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்தவை. தேக்கோ வேங்கையோ கிடைத்தால் கரையான் பயமும் குறைவு. இரண்டு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே உடைந்த ஆணி இருந்தால் ரம்பத்தின் பல் போய்விடும், அறுக்கும் முன்பே தேடிப் பிடுங்கிவிட வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதைத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம், பெயின்ட் அடித்த மரத்தை எடுக்காமலே விட்டுவிடுங்கள்.

கடையிலேயே இரண்டே அளவில் அறுத்து இழைத்துத் தரச் சொல்லுங்கள். 5 அங்குல அகலம், 1¼ அங்குல கனத்தில் பலகை, மொத்தம் 110 அடி நீளம். கால்களுக்கு 3 அங்குலச் சதுரச் சட்டம், 22 அடி. இரண்டும் சேர்ந்து 6 கன அடிக்குக் கொஞ்சம் மேலே வரும்.

இனி வீட்டில் அறுக்க வேண்டியது. மேசைக்கு 5 அடிப் பலகை ஆறு, 4 அடிப் பலகை இரண்டு, 28 அங்குலப் பலகை ஐந்து, 28¾ அங்குலக் கால் நான்கு. ஒவ்வொரு பெஞ்சுக்கும் 5 அடிப் பலகை மூன்று, 4 அடி இரண்டு, 12½ அங்குலம் மூன்று, 15¾ அங்குலக் கால் நான்கு. மேசை 30 அங்குல உயரமும் பெஞ்சு 17 அங்குல உயரமும் வரும், தொடை இடிக்காது. பெஞ்சு பதினைந்தரை அங்குல அகலம் இருப்பதால் சம்மணம் போட்டும் உட்காரலாம், நம் வீடுகளுக்கு அது வேண்டும். கால்கள் நான்கையும் சேர்த்து வைத்து ஒரே கோடு போட்டு அறுங்கள், தனித்தனியாக டேப் வைத்து அளந்தால் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) அளவாவது மாறும், மேசை ஆடும்.

முதலில் மேசையின் இரண்டு முனைச் சட்டகங்கள். தரையில் இரண்டு கால்களைப் படுக்கவைத்து, மேல் முனையோடு சமமாக ஒரு 28 அங்குலப் பலகையையும், கீழே தரையிலிருந்து 6 அங்குலம் விட்டு இன்னொன்றையும் வைத்துப் பிடியுங்கள். துளை போடும் முன் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் சட்டகம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் லேசாகத் தட்டிச் சரிசெய்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். எனக்கு முதல் சட்டகத்துக்கு மட்டும் இதற்கே அரைமணி நேரம் ஆனது, அந்த அரைமணி நேரத்தை நீங்களும் கொடுங்கள்.

இணைக்க 8 மில்லிமீட்டர் போல்ட், 5 அங்குல நீளம், வாஷரோடு. மேசைக்கும் பெஞ்சுகளுக்குமாக 56 வேண்டும். ஆணியோ வெறும் ஸ்க்ரூவோ போடாமல் போல்ட் போடுவதற்குக் காரணம், எல்லாம் சேர்ந்து நூறு கிலோ வரும், கழற்றி மாடிக்குக் கொண்டுபோய் அங்கே பூட்டலாம். சாதாரண டிரில் பிட் இந்தக் கனத்தைத் தாண்டாது, 8 அங்குல நீளமுள்ள பிட் கேட்டு வாங்குங்கள். துளை போடும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது எல்லாரும் தடுமாறுகிற இடம், இரண்டு சட்டகங்களையும் 4 அடிப் பலகைகளால் இணைப்பது. குறுக்குப் பலகையின் (28 அங்குலம்) போல்ட்டும் நீளப் பலகையின் (4 அடி) போல்ட்டும் ஒரே காலுக்குள் இரண்டு திசையில் போகின்றன. ஒரே உயரத்தில் துளை போட்டால் உள்ளே முட்டிக்கொள்ளும். மேலிருந்து 1, 3 அங்குலத்தில் குறுக்குப் பலகைக்கு, 2, 4 அங்குலத்தில் நீளப் பலகைக்கு என்று முன்பே பென்சிலால் குறித்துவிட்டால் பிரச்சினையே இல்லை. 4 அடிப் பலகைகள் கால்களின் வெளிப்பக்கம் வர வேண்டும்.

5 அடி மேல்பலகைகளைக் கால் அங்குல இடைவெளி விட்டு அடுக்குங்கள், மழைத் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். முனைக் குறுக்குப் பலகைகளோடு அவற்றை 3 அங்குல ஸ்க்ரூவால் பிடியுங்கள். நடுவில், மிஞ்சிய 28 அங்குலப் பலகையை இரண்டு நீளப் பலகைகளுக்கும் இடையே நுழைகிற அளவுக்கு ஒரு நூல் குறைத்து, படுக்கையாக வைத்து அடியிலிருந்து 2 அங்குல ஸ்க்ரூவால் ஒவ்வொரு மேல்பலகையோடும் பிடியுங்கள். ஸ்க்ரூ போடும் முன் 3 மில்லிமீட்டர் துளை கட்டாயம், இல்லையென்றால் காய்ந்த மரம் ஓரத்தில் பிளந்துவிடும். ஸ்க்ரூவின் மரையில் கொஞ்சம் சோப்பு தடவினால் சிரமமில்லாமல் உள்ளே போகும்.

பெஞ்சும் இதே முறைதான், கீழ்க் குறுக்குப் பலகை மட்டும் கிடையாது.

கடைசியாக 80, 120, 180 என்ற வரிசையில் உப்புத்தாள், மர ரேகை ஓடும் திசையிலேயே. மூலைகளைக் கொஞ்சம் உருட்டிவிடுங்கள், குழந்தைகள் ஓடும் இடம். அப்புறம் கடையில் boiled linseed oil என்று கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியால் இரண்டு மூன்று கை தடவலாம். கால்களின் அடிப்பக்கம்தான் தண்ணீரை உறிஞ்சும், அங்கே தாராளமாக. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. விரித்து வெளியே காயவைத்துவிட்டு, அப்புறம் குப்பையில் போடுங்கள்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒரு ஸ்பேனரோடு உட்கார்ந்து எல்லாப் போல்ட்டையும் ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள். எண்ணெயை வருடத்துக்கு ஒருமுறை, கோடை தொடங்கும் முன் தடவினால் போதும்.