நானோ துகள் கொடுத்த எலி: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேப்பிலைச் சாற்றிலோ பிச்சாவரத்து அலையாத்தி இலைச் சாற்றிலோ துத்தநாக ஆக்சைடு நானோ துகள் தயாரித்து, அதை எலிக்குக் கொடுத்துக் கல்லீரலைப் பார்ப்பது: கடலூர், புதுச்சேரிப் பக்கத்து ஆய்வு மாணவர் யாருக்கும் எளிதில் தோன்றக்கூடிய தலைப்பு. "எஸ்.ஜி.பி.டி. ஏறிடுச்சு சார், துகள் நச்சுதான்" என்று (கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் ஏறும் நொதி அது) கைடிடம் ஓடுவதற்கு முன், எலியின் வயிற்றுக்குள் என்ன போனது என்று பாருங்கள்.

ஒலியலையால் துகளைத் திரவத்தில் கலக்கும் சோனிகேட்டரிலிருந்து எடுத்ததும் கலவை பால் போலத்தான் இருக்கும். நான்காவது கூண்டுக்கு வருவதற்குள் பாட்டிலின் அடியில் வெள்ளையாக வண்டல் தங்கிவிடும். மேலாக உறிஞ்சினால் அந்த எலிக்குக் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். அடியில் உறிஞ்சினால் கூடுதல் டோஸ். ஒவ்வொரு எலிக்கும் முன்னால் கலக்கியே எடுக்க வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்த 30 நானோமீட்டரை மட்டும் எழுதினாலும் போதாது. அது உலர்ந்த பொடியின் அளவு. திரவத்தில் துகள்கள் ஒட்டிக்கொண்டு சில நூறு நானோமீட்டர்கூட ஆகலாம். கொடுக்கிற அதே திரவத்தில் டி.எல்.எஸ். எடுங்கள்; ஒளிச்சிதறலை வைத்துத் திரவத்திலுள்ள துகளின் அளவைச் சொல்லும் சோதனை அது.

என் பார்வையில் இதைவிடப் பெரிய தவறு, ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கன்ட்ரோல் குழுவுக்குத் தண்ணீர் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வது. துத்தநாக ஆக்சைடு இரைப்பை அமிலத்தில் கரையும். அப்படியானால் கல்லீரலைக் கெடுத்தது துகளா, கரைந்த துத்தநாக அயனியா? துத்தநாக சல்பேட் கொடுத்த குழு ஒன்று இருந்தால்தான் சொல்ல முடியும். அதிலும் 50 மி.கி.க்கு 50 மி.கி. என்று நிறுத்துவிடக் கூடாது. ஆக்சைடில் சுமார் 80 சதவீதம் துத்தநாகம். ஏழு நீர் மூலக்கூறு சேர்ந்த ஹெப்டாஹைட்ரேட் சல்பேட்டில் 23 சதவீதத்துக்குள்தான். கணக்குப் போட்டால் 50 மி.கி. ஆக்சைடுக்கு ஈடு ஏறத்தாழ 177 மி.கி. சல்பேட். இவற்றோடு, நானோ அல்லாத சாதாரண அளவுத் துகளுக்கு ஒரு குழு, இலைச்சாறு மட்டும் கொடுக்க இன்னொன்று வேண்டும்.

நானோ துகளாகக் கொடுக்கும் இன்னொரு பொருளான டைட்டானியம் டை ஆக்சைடு இப்படிக் கரையாது. அதற்கு வேறொரு வழுக்கல். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 2பி பிரிவில் (மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவு) வைத்தது, முக்கியமாக எலிகளின் நுரையீரலுக்குள் அது சென்ற ஆய்வுகளை வைத்து. வாய்வழி ஆய்வின் முன்னுரையில் அதை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள்!

அறை வெப்பத்தையும் குறித்து வையுங்கள். நச்சுத்தன்மைச் சோதனைகளுக்கான ஓ.இ.சி.டி. என்ற சர்வதேச அமைப்பின் வழிகாட்டி கேட்பது 22 டிகிரி, மூன்று கூடலாம், குறையலாம். கத்திரி வெயிலில் ஏ.சி. நின்றால் எலி தீனியைக் குறைக்கும், எடை இறங்கும். பழி துகள்மேல் விழும்.

மேலே சொன்ன குழுக்கள் எல்லாவற்றையும் விலங்கு நெறிமுறைக் குழுவுக்குப் போகும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். பாதியில் எலிகளைக் கூட்ட வேண்டுமென்றால் மறுபடி அனுமதி வாங்க வேண்டும்.